'ஜோலி ப்ளோன்' வால்ட்ஸை எந்தப் பதிவிலிருந்து கற்பது?

பிடில் பழகும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: "ஜோலி ப்ளோன் வாசிக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. தேடினா ஏகப்பட்ட பதிவு வருது. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எதை வைத்துக் கற்றுக்கொள்வது?"

நல்ல கேள்வி. எனக்கும் இதே குழப்பம் இருந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் கேஜன் மக்களின் வால்ட்ஸ் அது, அதாவது மூன்று தட்டுத் தாளத்தில் ஜோடியாக ஆடும் நடன மெட்டு. 'கேஜன்களின் தேசிய கீதம்' என்றே அதைச் சொல்வார்கள். 1755 முதல் கனடாவின் அக்காடியப் பகுதியிலிருந்து ஆங்கிலேயர்களால் துரத்தப்பட்டு, அலைந்து திரிந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறிய பிரெஞ்சு மொழிக்காரர்கள் அவர்கள். பாட்டின் விஷயம் எளிமையானது. பொன்னிறக் கூந்தல் கொண்ட அழகி ஒருத்தி அவனை விட்டுவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள். இனி எனக்கு என்ன நம்பிக்கை, என்ன எதிர்காலம் என்று அவன் புலம்புகிறான். அவ்வளவுதான். ஆனால் அந்தப் புலம்பல் மூன்று தட்டுத் தாளத்தில், சனிக்கிழமை இரவில் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்று அமைந்தது. அழுகையும் ஆட்டமும் ஒரே மெட்டில் இருப்பதால்தான் இதை ஒருமுறை கேட்டவர்களால் விட முடிவதில்லை.

நண்பருக்கு நான் சொன்ன பதில் 1946-இல் ஹாரி சோட்ஸ் வாசித்த பதிவு. ஆனால் அதைச் சொன்னதும் அவர் உடனே மறுத்தார். "அது ரெண்டாவது, மூணாவது தலைமுறைப் பதிவு ஆச்சே? முதல் பதிவு 1929-இல் வந்திருக்கு. மூலத்துக்குப் போவதுதானே முறை?" என்றார். பலருக்கும் இந்த எண்ணம் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் பதிவு 1929 ஏப்ரலில், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் நடந்தது. ப்ரோ குடும்பத்தின் மூன்று உடன்பிறப்புகள் வாசித்தார்கள். அமேடே அக்கார்டியன் வாசித்துப் பாடினார், ஓஃபி பிடில், தங்கை கிளியோமா கிட்டார். பெண்கள் நடன அரங்கில் கருவி வாசிப்பது அரிதாக இருந்த காலத்தில் கிளியோமா கிட்டாரோடு ஊர் ஊராகப் போனவர். அதற்கு முந்தைய ஆண்டு நியூ ஆர்லியன்ஸில், பின்னாளில் கணவரான ஜோ ஃபால்கனோடு சேர்ந்து அவர் பதிவு செய்த 'அலோன்ஸ் ஆ லாஃபாயெட்' தான் இசைத்தட்டில் வந்த முதல் கேஜன் பாட்டு. அட்லாண்டாவில் பதிவான நம் வால்ட்ஸுக்கு அப்போது 'ஜோலி ப்ளோன்' என்ற பெயரே இல்லை. 'மா ப்ளோன் எ பார்த்தி', அதாவது 'என் பொன்முடியாள் போய்விட்டாள்' என்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. விட்டுப் போன மனைவியை நினைத்து அமேடேக்காகக் கிளியோமாவே சொற்களை எழுதிக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அமேடேயின் உச்சக் குரலைக் கேட்டால் அந்தப் பேச்சை நம்பத் தோன்றும். பாடுகிறாரா, கூப்பிட்டு அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட பதிவை ஏன் முதலில் எடுக்க வேண்டாம் என்கிறேன்? இரண்டு காரணங்கள்.

ஒன்று, அதில் மெட்டைச் சுமப்பது அக்கார்டியன். பத்துப் பொத்தான் கொண்ட அந்தச் சின்னக் கருவி அபாரச் சத்தம் போடும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நூறு ஜோடிக் கால்கள் மரத்தரையில் தேயும் கூடத்தில், கடைசி மூலை வரை எட்டக்கூடியது அதுதான். அதனால் பிடில் பின்னால் போயிற்று. ஓஃபியின் பிடில் அழகானதுதான், ஆனால் அது துணைக்கு நிற்கும் பிடில். புதிதாகக் கற்பவர் அதைத் தனியே பிரித்துக் கேட்கப் படாத பாடு படுவார். பொத்தான் அக்கார்டியனில் எல்லாச் சுரங்களும் கிடைக்காது. கிடைக்கிற சுரங்களுக்குள் மெட்டைச் சுருக்கித்தான் வாசித்தாக வேண்டும். அதைக் கேட்டுப் பிடிலில் எடுத்தால், அக்கார்டியனுக்கான கட்டுப்பாட்டைப் பிடிலுக்கும் போட்டுக்கொண்டவர்களாவோம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். முதல் பதிவு என்பது வேறு, மூலம் என்பது வேறு. 1929-இல் இசைத்தட்டு நிறுவனம் மைக்கை நீட்டியபோது அந்த மெட்டு ஏற்கெனவே ஊருக்குள் உலவிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் ஆஞ்செலாஸ் லஜூன் என்ற அக்கார்டியன்காரர் 'லா வால்ஸ் த ப்வான் நுவார்' என்ற பெயரில் இதற்கு நெருங்கிய மெட்டைப் பதிவு செய்திருக்கிறார். ஆக, மூன்று நிமிடத் தட்டில் அன்று விழுந்தது ஒரு குடும்பம் ஒரு நாளில் வாசித்த ஒரு வடிவம். அதற்கு மதிப்பு அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அதுவே ஆதி, மற்றவையெல்லாம் திரிபு என்று எண்ணுவது அந்த இசை வளர்ந்த விதத்துக்கே பொருந்தாது. அங்கே ஒவ்வொரு பிடில்காரரும் கேட்டதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த கட்டம் 1930களின் நடுப்பகுதி. பெருமந்தத்தில் முடங்கிப்போன இசைத்தட்டுத் தொழில் மெல்ல எழுந்தபோது லூசியானாவின் ரசனை மாறியிருந்தது. ரேடியோ வழியாக டெக்சஸின் ஸ்விங் இசை வந்து சேர்ந்தது. எண்ணெய்க் கிணறுகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேலை தேடிக் கேஜன்கள் கிழக்கு டெக்சஸ் பக்கம் போனார்கள். அக்கார்டியன் பழங்காலத்துப் பொருளாகத் தெரியத் தொடங்கியது, பிடிலும் கிட்டாரும் முன்னுக்கு வந்தன. லூடரின் டார்போன் என்ற பிடில்காரர் நடத்திய ஹேக்பெரி ராம்ப்ளர்ஸ் குழு இந்த வால்ட்ஸை 'ஜோலி ப்ளோன்' என்ற பெயரில் பதிவு செய்தது அப்போதுதான். லியோ சொய்லோ என்ற பிடில்காரரும் 'லா வால்ஸ் த கேதான்' என்று இதே மெட்டை 1935-இல் வாசித்தார்.

டார்போனின் குழுவைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிராமத்து நடனக் கூடங்களில் அப்போது மின்சாரம் கிடையாது. அவர்கள் வெளியே ஃபோர்டு காரை ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரம் எடுத்து ஒலிபெருக்கியை இயக்கினார்கள். அக்கார்டியனின் சத்தம் இனி தேவையில்லை, பிடில் மெதுவாகப் பேசினாலும் கேட்கும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. கற்பவர் கண்ணோட்டத்தில் இந்தப் பதிவு நல்ல இடைப்பட்ட தேர்வு. மெட்டு தெளிவாக இருக்கிறது, ஆட்டத்துக்கான நடை விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் வேகத்தில் வில் எப்படிப் போகிறது, விரல் எங்கே சறுக்குகிறது என்று புதியவர் காது பிடிப்பது கடினம். ஓரளவு கைபழகியவர்கள் நேரே இதற்கே போகலாம்.

சரி, இப்போது ஹாரி சோட்ஸ்.

1922-இல் லூசியானாவில் பிறந்து, சிறுவனாக டெக்சஸின் போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய் நகரத்துக்கு வந்தவர். பன்னிரண்டு வயதிலேயே முடிதிருத்தும் கடையில் பிடில் வாசித்துச் சில்லறை வாங்குவார் என்பார்கள். லியோ சொய்லோவோடும் வாசித்திருக்கிறார், ஹேப்பி ஃபேட்ஸ் குழுவிலும் இருந்திருக்கிறார். அதாவது முந்தைய தலைமுறையின் வாசிப்பைப் பக்கத்தில் நின்று கேட்டவர். மூலத்தைவிட்டு விலகியவர் என்று அவரைச் சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1946-இல் ஹூஸ்டன் நகரில், பில் க்வின் என்பவர் நடத்திய 'கோல்டு ஸ்டார்' என்ற சின்ன நிறுவனத்துக்காக சோட்ஸ் இதைப் பதிவு செய்தார். க்வினுக்குப் பிரெஞ்சு தெரியாது. 'Jolie Blonde' என்பதைக் காதில் விழுந்தபடி 'Jole Blon' என்று எழுத்துக்கூட்டித் தட்டில் அச்சடித்தார். அந்தப் பிழையான எழுத்தே நிலைத்துவிட்டது. பதிவைத் தேடும்போது பிழையான எழுத்தில் தேடினால்தான் சோட்ஸ் முதலில் வருவார், சரியான பிரெஞ்சில் தேடினால் மற்றவர்கள் வருவார்கள். இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் எனக்குப் பல மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

சோட்ஸ் செய்தது என்ன? நடையைத் தளர்த்தினார். அக்கார்டியனே இல்லை. பிடில் முதலில் வந்து முழு மெட்டையும் பாடிக் காட்டுகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு ஒரே வில்லில் இழைத்துக்கொண்டு போகிறார். சொல் வரும் இடத்தில் வில் எப்படி மூச்சு விட வேண்டும் என்று அவர் வாசிப்பதைக் கேட்டாலே புரியும், ஏனென்றால் அடுத்து அவரே அதைப் பாடுகிறார். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே ஆள். பிடிலும் குரலும் ஒரே இடத்தில் இழுக்கின்றன, ஒரே இடத்தில் விடுகின்றன. நடுநடுவே "ஏய்... ஹா ஹா!" என்று ஒரு கூவல். துக்கத்தின் நடுவில் வரும் அந்தக் கூவல் ஆடுகிறவர்களுக்கானது.

கர்நாடக வயலின் பழகியவர்களுக்கு இந்தப் பதிவு இன்னும் எளிதாகக் கைவரும். அவர் சுரத்தைக் கீழிருந்து தொட்டு ஏறுவதை, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் நம் ஜாருவோடு ஒப்பிடலாம், ஆனால் மிகச் சின்ன ஜாரு. சுரத்தில் போய் நின்றபின் அசைக்கக் கூடாது. நான் முதலில் வாசித்தபோது ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் கை தானாகக் கமகம் போட்டது; மெட்டு இனிமையாக இருந்தாலும் ஆட்டம் நின்றுபோனது. அப்புறம் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து உரசி வாசிக்கும் பழக்கம். அந்த இரண்டாம் தந்தி சுருதிப்பெட்டி மாதிரி அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். இது பழையவர்கள் எல்லோரிடமும் உள்ள பழக்கம், அக்கார்டியன் இல்லாமலே பிடில் கூடத்தை நிரப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லூசியானாவில் 1921-இன் மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்றுமொழி ஆக்கியது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அபராதம் என்ற பள்ளியை நம்மிலும் பலர் அறிவோம். அப்படி ஒரு தலைமுறை வெட்கப்பட வைக்கப்பட்ட மொழியில், முழுக்க முழுக்கப் பிரெஞ்சில் பாடிய ஒரு தட்டு 1947 ஜனவரியில் பில்போர்டு இசைப் பத்திரிகையின் ஜூக்பாக்ஸ் (காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டி) நாட்டுப்புறப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு வந்தது. கோல்டு ஸ்டாரால் கேட்ட அளவுக்குத் தட்டு அடித்துக் கொடுக்க முடியவில்லை, வேறு நிறுவனத்துக்கும் உரிமை கொடுக்க வேண்டியிருந்தது. சோட்ஸுக்கோ பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. நூறு டாலருக்கும் ஒரு பாட்டில் விஸ்கிக்கும் பாட்டைக் கொடுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. 1951 ஜூலையில் ஆஸ்டின் நகரச் சிறையில் இறந்தபோது அவருக்கு வயது 28. குடும்பத்துக்குப் பணம் தரவில்லை என்ற வழக்கில் பிடித்து வைத்திருந்தார்கள். குடி ஏற்கெனவே உடலைத் தின்றிருந்தது. இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கூவலைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சோட்ஸின் வெற்றிக்குப் பின் 1947-இல் வரிசையாக வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன் மல்லிகன் பியானோக்காரர். பிரெஞ்சு மாதிரி ஒலிக்கும் சொற்களையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடினார், இரண்டாம் இடம் வரை போனது. ரெட் ஃபோலியின் வடிவம் முதலிடமே பிடித்தது. ராய் ஏகஃபும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். கேட்கச் சுகமானவை. பிடில் கற்பவருக்கு இவற்றில் எடுக்க அதிகம் இல்லை, பாட்டின் துக்கமும் இவற்றில் கரைந்துவிட்டது. பட்டியலில் மேலே போனதை வைத்து இவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

1958-இன் பதிவு வேறு விதம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் க்ளோவிஸ் ஊர் ஸ்டுடியோவில், பட்டி ஹாலி என்ற ராக் பாடகர் தயாரிக்க, வேலன் ஜென்னிங்ஸ் என்ற இளைஞர் பாடிய முதல் தட்டு அது. பிடிலுக்குப் பதில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன். ஹாலிக்கும் ஜென்னிங்ஸுக்கும் பிரெஞ்சு தெரியாது. சோட்ஸின் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒலியை மட்டும் எழுதிக்கொண்டு பாடினார்கள். சொற்கள் பல இடங்களில் சிதைந்திருக்கும். தட்டு 1959-இல் வெளியானது. அந்த ஆண்டு பிப்ரவரி 3 அன்று ஹாலி விமான விபத்தில் இறந்தார், அந்த விமானத்தில் தன் இடத்தை ஜென்னிங்ஸ் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். வரலாறு என்று பார்த்தால் நெஞ்சைத் தொடும் பதிவு. கற்க உகந்ததல்ல. ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் பிடித்தால் சொல் எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும், அது வாசிப்பிலும் தெரியும். ஆகவே பிரெஞ்சு தெரியாத நாமும் பாட்டின் பொருளை வரிக்கு வரி தெரிந்துகொண்டு வில்லை எடுப்பது நல்லது.

கடைசியாக, கேஜன் இசையின் மறுமலர்ச்சிக் காலத்துப் பதிவுகள். 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டூவி பால்ஃபா என்ற கேஜன் இசைக்காரரும் கூட்டாளிகளும் மேடையேறியபோது, பெரும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஊரில் கேலிக்குரியதாக நினைத்த இசைக்கு வெளியே இப்படி ஒரு மரியாதையா என்று பால்ஃபா திகைத்தார். திரும்பிவந்து வாழ்நாள் முழுக்க அந்த இசைக்காக உழைத்தார். அக்கார்டியன் மறுபடி நடுவுக்கு வந்தது. 1975-இல் மைக்கேல் தூசே தொடங்கிய போசொலேய் போன்ற குழுக்கள் பழைய தட்டுகளையும் பழைய ஆட்களையும் தேடிப் போய்க் கற்றார்கள். இந்தக் காலத்துப் பதிவுகளில் கொரகொரப்பு இல்லை, ஒவ்வொரு கருவியும் தனித்துக் கேட்கும். பழைய தட்டின் இரைச்சலில் காது நிற்க மறுக்கிறது என்பவர்கள் தயங்காமல் இங்கே தொடங்கலாம். என் குறை ஒன்றுதான்: திறமை கூடக்கூட வாசிப்பில் அலங்காரமும் கூடுகிறது. அடி மெட்டு எது, அவரவர் சேர்த்தது எது என்று புதியவருக்குப் பிரிக்கத் தெரியாது. சோட்ஸிடம் அந்தச் சிக்கல் குறைவு.

பதிவைத் தேர்ந்தெடுத்த பிறகு செய்ய வேண்டிய காரியங்கள் சில. பழைய தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் வெட்டப்பட்டவை அல்ல. கணினிக்கு மாற்றியவர்களும் ஒவ்வொருவர் ஒவ்வொரு வேகத்தில் மாற்றியிருக்கிறார்கள். அதனால் ஒரே தட்டு ஒரு இடத்தில் ஒரு சுருதியிலும் இன்னொரு இடத்தில் சற்றே ஏறியும் கேட்கும். டியூனர் செயலியைப் பார்த்துத் தந்தி கூட்டிவிட்டுத் தட்டோடு சேரவில்லையே என்று தவிக்க வேண்டாம். தட்டுக்கே தந்தியைக் கூட்டுங்கள். கேஜன் பிடில்காரர்களே சி சுருதி அக்கார்டியனோடு சேர்வதற்காக நான்கு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கித்தான் வைப்பார்கள். பாடுகிறவர் சுருதிக்குக் கூட்டிப் பழகிய நமக்கு இது புதிதும் அல்ல.

ஒரு மாதமாவது ஒரே பதிவோடு இருங்கள். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று எடுத்தால், எவர் வாசிப்பும் அல்லாத ஒன்று கைக்கு வரும். சோட்ஸ் கைவந்ததும் 1929-க்குப் போங்கள். அப்போது அமேடேயின் குரல் வேறு மாதிரி கேட்கும். எந்த இடத்தைச் சோட்ஸ் நீட்டினார், எதை விட்டார் என்பது தானாகத் தெரியும். முதலிலேயே கேட்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

நண்பர் இன்னொரு கேள்வியும் கேட்டார். அவருடைய மகளும் பிடில் பழகுகிறாள், இருவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், அதற்கு எது? இங்கே மட்டும் என் பதில் மாறும். அக்கார்டியன் பரவுவதற்கு முன்பு இரட்டைப் பிடில்தான் கேஜன் வீடுகளில் நடனத்துக்கு வாசித்தது. ஒருவர் மெட்டு வாசிக்க, இன்னொருவர் கீழே நின்று தாளத்தையும் துணைச் சுரங்களையும் உரசிக்கொடுப்பார். டென்னிஸ் மெகீயும் சேடி கூர்வில்லும் 1929-இல் இந்த முறையில் வாசித்த வேறு வால்ட்ஸ்கள் தட்டில் இருக்கின்றன. மகள் சோட்ஸின் மெட்டை எடுக்கட்டும். அப்பா கூர்வில்லின் வில்லை இரண்டு வாரம் கேட்டுவிட்டு, தாளத்தின் முதல் தட்டு அழுத்தம், அடுத்த இரண்டு லேசு என்று மூன்று தட்டையும் இரண்டு தந்தியில் பிடித்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் நிற்கட்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள். அப்பாவின் இரண்டாம் தட்டு இன்னும் கொஞ்சம் முந்துகிறது. மகளிடம் மட்டும் அந்தச் சின்ன ஜாரு சரியாக வந்துவிட்டது.